இரண்டு ஏழுகள்

"என்ன நிதானம், சென்சாருக்குத் தாலாட்டா பாடுறே? மணி பதினொண்ணாச்சு!"

மேஸ்திரி கத்தியதும், கம்பி கட்டும் ஆட்கள் பதினான்கு பேரும் சிரித்தார்கள். எட்டு மணிக்கே பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டியவர்கள்.

டெக்னீஷியன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒயரைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். எதையும் மெதுவாகச் செய்வதால் வந்த பட்டப்பெயர்தான் 'நிதானம்'. ஆனாலும் இன்றைக்கு ரொம்ப அதிகம்.

இன்ஜினீயர் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. மேனேஜர் நான்கு முறை போன் செய்துவிட்டார்.

கட்டடத்தின் அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளம் நாற்பது அடி ஆழம். சுற்றிலும் இரும்புத் தகடு இறக்கிய தடுப்புச் சுவர். சுவர் சாய்கிறதா என்று பார்க்க எட்டு சென்சார்கள். எட்டும் ஒரே ஒயரில் இணைப்புக் கருவியான இன்டர்ஃபேஸ் மாட்யூலுக்கு வந்து, அங்கிருந்து அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் பெட்டிக்குப் போகும். எட்டும் பச்சை காட்டினால்தான் பள்ளத்துக்குப் போகும் கேட்டைத் திறக்கலாம். அதுதான் விதி.

கடைசி இரண்டை இன்று காலைதான் புதிதாக மாட்டியிருந்தான்.

"ஆறு சென்சார் பேசுது. ஏழும் எட்டும் ஏன் ஊமையா இருக்கு?"

"பார்த்துட்டிருக்கேன் மேடம்."

"மூணு மணி நேரமாவா?"

"நேத்தே சொன்னேனே மேடம், அந்த மூலையில தண்ணி கசியுதுன்னு..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நேத்து இருந்த ஆறும் பச்சைதானே காட்டுச்சு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தள்ளுங்க!"

லேப்டாப்பை மாட்யூலில் இணைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தவறு தெரிந்துவிட்டது.

லாகர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும். அந்த நம்பருள்ள சென்சார் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே புதிய சென்சார்கள் இரண்டுக்கும் ஏழு என்றே நம்பர் இருந்தது. ஏழைக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். லாகருக்கு ஒன்றும் புரியாது. எட்டைக் கூப்பிட்டால் ஆளே இல்லை.

"முதல் நாள் வேலைக்கு வர்றவங்ககூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க."

அவன் தலை குனிந்துகொண்டான்.

ஏற்கெனவே அவன்மேல் இரண்டு புகார்கள், இரண்டும் தாமதத்துக்காக. மூன்றாவது போனால் வேலை போய்விடும். தெரிந்தேதான் அவள் மேனேஜருக்குப் போனில் எழுதினாள்: 'அடிப்படை வேலையே தெரியாதவர். வேறு ஆளை அனுப்பவும்.' அனுப்புமுன், ஒரு சென்சாரைத் தனியாகக் கழற்றி, எட்டு என்று நம்பர் கொடுத்து மாட்டினாள்.

எட்டும் பேசின. எட்டும் பச்சை.

"மேஸ்திரி, கேட்டைத் திறங்க!"

அதற்குள் டெக்னீஷியன் ஓடிப்போய் ஏணிக்கு முன்னால் நின்றுகொண்டான். "கொஞ்சம் இருங்க... இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"போய்யா! இதுக்கு மேல பார்க்கணும்னா பள்ளத்தை மூடிட்டு மறுபடி தோண்டணும்!" என்றார் மேஸ்திரி.

யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவன் நகரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மூலைத் தகடு காகிதம் போல மடங்கியது. பின்னாலிருந்த சேறும் மண்ணும் மொத்தமாகச் சரிந்து, கம்பி கட்ட வேண்டிய இடத்தை மூடின. தூசி அடங்கியது. மேஸ்திரி ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினான்கு. மறுபடியும் எண்ணினார்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். ஏழாவது சென்சாரும் எட்டாவதும் இன்னும் பச்சைதான். சரிந்த மூலை அவை இரண்டுக்கும் நடுவில். அங்கே சென்சாரே இல்லை.

அதற்குக் கீழே, காலையில் செய்த மாற்றங்கள் நேரத்தோடு பதிவாகியிருந்தன. மணி ஏழு நாற்பதுக்கு இரண்டாவது புதிய சென்சாருக்கு எட்டு என்று சரியாகத்தான் நம்பர் கொடுத்திருக்கிறான். மணி ஏழு ஐம்பத்தைந்துக்கு அந்த எட்டை ஏழாக மாற்றியிருக்கிறான்.

பக்கத்தில் வந்து நின்றவனிடம் மெல்லக் கேட்டாள். "வேணும்னுதானே செஞ்சீங்க, யாரும் இறங்கக் கூடாதுன்னு?"

அவன் மிச்சமிருந்த ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"நேத்து நீங்க சொன்னப்ப நான் காதுல வாங்கலை." போனை எடுத்தாள். "இந்தப் புகாரை அழிச்சிட்டு நடந்ததை எழுதறேன். பதினாலு உயிர்..."

"அழிக்காதீங்க மேடம். அதையே அனுப்புங்க."

"வேலை போயிடும். தெரியும்ல?"

"தெரியும். ஆனா நான் வேணும்னு செஞ்சேன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு இந்தப் பெட்டி நிஜமாவே சிவப்பு காட்டும்போது, 'எவனோ கை வெச்சிருக்கான்'னு சொல்லி ஆளை இறக்கிடுவாங்க, மேடம்."