செவலையின் கயிறு

கோட்டுச்சேரிமேட்டுச் சவுக்குத் தோப்புக்குள் சாயங்கால வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்துகிடக்கிறது. இருதயமேரியின் கையில் அறுந்த கயிறு. நரி வாடை பட்டதும் அவள் நாய் செவலை அதை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. நாரைகள் குஞ்சு பொரிக்கிற பருவம்; கயிறில்லாமல் தோப்பில் திரியும் நாயைச் சுட்டுவிடுவோம் என்று போன வாரம்தான் தண்டோரா போட்டார்கள். எதிரே, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துப்பாக்கியோடு தோப்புக் காவல்காரர் நிற்கிறார். "ஏம்மா, கயிறு இருக்கு, நாய் எங்க?" அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் குரல் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் செவலை பாய்ந்து வந்துவிடும். "காதுல விழலையா? சொல்லுங்க." கடல் பக்கமாகக் கையை மட்டும் நீட்டுகிறாள். அவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கம் நடக்கிறார். காய்ந்த சவுக்குச் சருகு அவர் செருப்புக்கடியில் நொறுங்கிக்கொண்டே போகிறது. பின்னால் தாழம்புதர் சலசலக்கிறது. அவள் குதிகாலில் ஈர மூக்கொன்று உரசுகிறது. குனிந்து, செவலையின் கழுத்தில் கயிற்றைச் சுற்றப் போகிறாள். எப்போதும் கொஞ்சிப் பேசுகிறவள் இன்று ஏன் பேசவில்லை என்று அதற்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைக்கிறது. தூரத்தில் சருகு நொறுங்கும் சத்தம் நின்றுபோகிறது.