சிங்கப்பூர் போய் வந்த முருகையன்

ஏட்டு சூசைமுத்து மண்டி வாசலில் சைக்கிளை நிறுத்தியதைப் பார்த்ததுமே முருகையன் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் முருகையன், சிங்கப்பூர் சுற்றுலா முடித்துத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. புறப்பட்டபோது மைத்துனர்கள் வளவனூர் வரைக்கும் வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ரயிலடியில் மேளம், ஆளுயர மாலை. திரும்பி வந்ததும் தெருவே திரண்டு கதை கேட்டது. சிங்கப்பூர் பார்த்தவர் வீட்டுப் பெண் என்றதும், நல்ல இடத்துச் சம்பந்தி ஒருவர் தாமாகவே தேடி வந்தார். வரும் வெள்ளிக்கிழமை மகள் கிருஷ்ணவேணிக்கு நிச்சயதார்த்தம்.

ஒரே ஒரு குறைதான். முருகையன் சிங்கப்பூர் போகவில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில், "இங்கயே நில்லுங்க, டிக்கெட்டோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போன, பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்ட ஏஜென்ட் திரும்பவே இல்லை. கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? பஸ் ஏறியவர் திண்டிவனத்திலேயே இறங்கிவிட்டார். பத்து நாளும் ஒரு லாட்ஜ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் மெஸ் நடத்தும் பாஞ்சாலியம்மாள், யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல், வேளாவேளைக்குச் சோற்றைக் கொண்டு வந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். கடைசி நாளில் மெட்ராஸ் போய், பர்மா பஜாரில் வாசனை சோப்பும் கோடாலித் தைலமும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து முறைப்படி ரயிலேறி விழுப்புரத்தில் வந்து இறங்கினார்.

"சிங்கப்பூரு எப்படி இருந்துச்சுங்க?" ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கின்னா ஏட்டையா, சொர்க்கம்!"

"பிளேன்ல சாப்பிட இன்னா குடுத்தாங்க?"

"வந்து... பொங்கலு."

"வடை?"

"அது கொஞ்சம் மேல போனப்புறம் குடுத்தாங்க."

ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டார். "ஊரைச் சுத்திப் பாத்தீங்களா?"

"ஒண்ணு விடல. மாடி மேல மாடி, அது மேல மாடி. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து புடிச்சிக்கிச்சு. அதுக்குத்தான் தைலமே வாங்கினேன்."

மூட்டை தைத்துக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "புலியை உட்டுட்டீங்களே ஐயா! ஏட்டையா, அங்க பூங்காவுல ஒரு புலி சோடா குடிச்சிச்சாம். ஐயா நேர்ல பாத்தாரு!"

"கலர் சோடாவா?" என்றார் ஏட்டு.

"சாதா சோடாதான்" என்று முனகினார் முருகையன்.

"சரி, அங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்ணீங்க?"

"பாம்பைத் திம்பாங்கன்னு பயந்துக்கினே போனேன். போய்ப் பாத்தா கேப்பைக் களி, கருவாட்டுக் கொழம்பு."

"சிங்கப்பூர்ல கேப்பைக் களியா?"

"நம்ம ஜனங்க இல்லாத ஊரு எது ஏட்டையா?"

ஏட்டு சிரிக்கவில்லை. "வூட்டுக்காரம்மா மொதல்ல இன்னா கேட்டாங்க?"

"எனக்கு இன்னா வாங்கியாந்தன்னு."

"சந்தேகப்படலயா?"

ஏட்டு, சின்னக்கண்ணுவை டீ வாங்கி வர அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஏஜென்ட் கம்பி நீட்டிட்டான். உங்களாட்டம் அவன்கிட்ட பணம் கட்டின இன்னொரு ஆளு ஏமாந்துட்டு நிக்கிறான். வூட்ல சொல்ல முடியாம முழி பிதுங்கிக்கினு இருக்கான். கெணத்துல குதிச்சிடலாமான்னுகூட நெனச்சானாம். கடவுளுக்குப் பொதுவா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க சிங்கப்பூரு போனீங்களா, இல்லியா?"

முருகையன் சுவரைப் பார்த்தார். அங்கே மயிலம் முருகன் படம். 'போனேன்' என்று சொன்னால் வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டு மாறிவிடும். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சம்பந்தி வந்த வழியே திரும்பிவிடுவார். ஆனால் எங்கோ ஒருவன் கிணற்றங்கரையில் நிற்கிறான். தானும் ஒரு நாள் அப்படித்தான் லாட்ஜ் அறையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் கதவுக்கு வெளியே பாஞ்சாலியம்மாளின் குரல் கேட்டது: "ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க."

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது.

"ஏட்டையா, அந்த ஆளை சாவ வேணாம்னு சொல்லுங்க" என்றார். "நான் சிங்கப்பூரும் போவல, புலியும் பாக்கல. பத்து நாளும் திண்டிவனம் லாட்ஜுலதான் கெடந்தேன். கோர்ட்டுல வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். நிச்சயதார்த்தம் நின்னா நிக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஊரை ஏமாற்றியதற்கு எந்தச் செக்‌ஷனோ, எத்தனை மாதமோ!

பூட்ஸ் சத்தம் வாசல்வரை போய், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தது. முருகையன் கண்ணைத் திறந்தபோது ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஈரக் கண்களோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழமை என்னையும் சிங்கப்பூருக்குன்னு மாலை போட்டு அனுப்புறாங்க. திண்டிவனத்துல ரூம் காலியா இருக்குமா, இல்ல முன்னாடியே சொல்லி வெக்கணுங்களா?"