மேடையில் மிஞ்சிய மாவு

தொலைக்காட்சி நடனப் போட்டியில் டில்லி தன் குழுவோடு ஆடி முடித்தபோது மேடை வெள்ளையாக இருந்தது. கை தட்டும்போது புகைபோல எழட்டும் என்று உள்ளங்கைகளில் மைதா மாவைப் பூசிக்கொண்டு ஆடியிருந்தார்கள். அடுத்து மார்த்தாவின் குழு. இரண்டில் ஒன்றுதான் இறுதிச் சுற்றுக்குப் போகும். அவர்கள் ஆட்டத்தில் கட்டும் மூன்றடுக்கு மனிதக் கோபுரத்தின் உச்சியில் நிற்பவள் மார்த்தா. அடியில் நிற்பவர்களின் கால் வழுக்கினால் விழப்போவது அவள்தான். விளம்பர இடைவேளையில் யாரோ துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் போனார்கள். மாவு இன்னும் நன்றாகப் பரவியது. மார்த்தா வழக்கம்போல் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். விரலில் மாவு ஒட்டியது. அவள் விரலையே பார்த்தாள். டில்லியும் பார்த்தான். தன் ஜிகினாச் சட்டையைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கினான்.

"உனக்கு இன்னாத்துக்குடா இந்த வேலை? அவங்க வழுக்குனா நாமதான் பைனலு" என்றான் அவன் குழுக்காரன்.

"கொட்டுனது நாமதான மச்சி. நீ போ, வரேன்."

"இடது பக்கம் வுட்டுட்ட" என்றாள் மார்த்தா. அவன் இடது பக்கம் நகர்ந்தான். மேடைப் பொறுப்பாளர் பத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்று என்றபோதும் நடுவில் கையகல வெள்ளை மிச்சமிருந்தது. அவன் அதைத் துடைத்து முடிப்பதற்குள் விளக்குகள் எரிந்தன. சட்டையில்லாமல் மண்டியிட்டிருந்தவனைக் கண்டு, இதுவும் ஆட்டம்தான் என்று கூட்டம் கைதட்டியது. இசை தொடங்கியது. மார்த்தா ஓடிவந்து அவன் முதுகில் ஒரு பாதத்தை வைத்தாள்.

"தாங்குவியா?"

டில்லி, துடைத்த தரையில் இரு கைகளையும் அகல ஊன்றினான்.