தடி பேட்

சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. இப்போதே சொல்லிவிட்டால் ருசி போய்விடும். முதலில் மாமா தூக்கத்திலிருந்து எழட்டும்.

மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. மாமா அரைக்கண்ணைத் திறந்தார். அக்கா மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவருடைய யோயோ இரண்டு பாதியாகக் கழன்று கிடந்தது.

“என்னடி பண்றே, வாலு?”

“தூசி துடைக்கிறேன் மாமா. நீங்க தூங்குங்க.”

தூசி துடைக்கிற ரகமா அவள்? போன வாரம்தான் எலும்பு டாக்டர் குரலில் போன் பண்ணி, “கையைத் தலைக்கு மேல தூக்குங்க, நான் சொல்ற வரைக்கும் இறக்காதீங்க” என்று அவரை ஹாலில் சிலை மாதிரி நிற்க வைத்தவள்.

ஏதோ வேலை வைத்துவிட்டாள் என்று மாமாவுக்குப் புரிந்தது. அடிபட்ட மனுஷனிடமா விளையாடுவது?

மாமா முடிவெட்டுகிறவர். வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, கத்தரியைப் பிடித்தால் விரல் யாரோ ஒருத்தருடையது மாதிரி இருந்தது. கைக்குப் பயிற்சியாக யோயோ விடச் சொன்னார் டாக்டர். மாமா இளவட்டத்தில் யோயோவில் கில்லாடி. அதனால் அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். யோயோ மேலே வந்தால் கடைக்குப் போவது. வராவிட்டால் கடையில் தன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது.

“தடி பேட் ஒட்டிக்கங்களேன் மாமா,” என்று வாலு அப்போதே சொன்னாள்.

“வேண்டாம்டி. யோயோ உள்ளே ஒட்டுற ரப்பர் பேட் தடிமனா இருந்தா நூலைக் கப்புனு பிடிச்சுக்கும். லேசா சுண்டினாலே ஓடி வந்துடும். அதெல்லாம் பாப்பாங்களுக்கு. பேட் மெலிசா இருந்தாத்தான் ரொம்ப நேரம் சுத்தும். ஆனா அதை மேல கொண்டுவர மணிக்கட்டுல சரக்கு வேணும்.”

சரக்குதான் இல்லை. யோயோ கீழே போய், சுற்றிச் சுற்றி ஓய்ந்து, தொங்கியது.

வாலு தூசி துடைத்த அன்று சாயங்காலம் பயந்துகொண்டே வீசினார். நூல் அறுந்து விழுமோ, உள்ளேயிருந்து மாவு கொட்டுமோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார். யோயோ கீழே போனது. லேசாகச் சுண்டினார்.

உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

மறுபடியும் வீசினார். மறுபடியும் வந்தது. வாலு ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி நின்றாள்.

அப்புறம் தினமும் அதே வேலைதான். நாளாக நாளாக யோயோ கீழே இன்னும் கொஞ்ச நேரம் நின்று சுற்றியது. அவ்வளவு வேகத்தில் அது அசையாதது போலவே இருக்கும். மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும். கட்டில், கண்ணாடி, கொடியில் காயும் துண்டு எல்லாம் அதைச் சுற்றி மிதப்பது போல மாமாவுக்குத் தோன்றும். அந்த மயக்கத்தில் தன்னை மறந்து சுண்டுவார். அது வந்துவிடும்.

ஒருநாள் காலையில் கடைக் கூட்டாளிக்குப் போன் போட்டார்.

“திங்கட்கிழமை வர்றேன்பா. என் இடத்துக்கு ஆள் பார்க்காதே.”

போனை வைத்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஏங்க, அந்த யோயோல இவ தடி பேட் ஒட்டினதை நான் பார்த்தேன். அதான் மேல வருது.”

“இதை இப்பத்தான் சொல்றியா?”

“விளையாட்டுன்னு விட்டுட்டேன். கத்தரியை எடுக்கப் போறேன்னு சொன்னப்புறம் வாயை மூடிட்டு இருக்க முடியுமா?”

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் யோயோவை மேலே கொண்டுவந்தது கை இல்லை. ரப்பர்.

“வாலு, இங்க வாடி.”

வந்தாள்.

“ஒருத்தர் காதுக்குப் பக்கத்துல கத்தரி பிடிக்கிற வேலை இது. கை சரியாயிடுச்சுன்னு நம்பிப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? உன் கேலிக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

வாலு யோயோவை எடுத்து அவரிடம் நீட்டினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா யோயோவைத் திருகிக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு விரலால் தடவினார்.

“என்னடி இது? தடி பேட் எங்கே? இது நான் ஒட்டியிருந்ததைவிட மெலிசா இருக்கு.”

“அதேதான் மாமா இது. முதல் நாள் மட்டும்தான் தடி. அப்புறம் நீங்க தூங்கும்போதெல்லாம், அத்தை நகம் தேய்க்கிற அரத்தால கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுட்டே வந்தேன்.”

“அதான் என் அரம் மொழுக்குனு ஆயிடுச்சா?” என்றாள் அத்தை.

மாமா அத்தை சொன்னதைக் கேட்கவில்லை. தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ… இன்னிக்குக் காலையில மேல வந்தது…”