இப்போது வாசிப்பவர்கள்

மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக அவர் மேசையில் விழுகிறது. பத்து வருடம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர், இப்போது அதே ஆலையின் மனிதவள மேலாளர். தன் பழைய வலைப்பூவுக்குப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். 'தோழன்' என்ற பெயர் போய் 'தலைமைப் பண்பு' வந்துவிட்டது. முஷ்டி உயர்த்திய படம் போய் டை கட்டிய படம். ஒரே ஒரு பழைய பதிவுதான் மிச்சம்: 'வேலைநீக்கக் கடிதம் நீட்டினால்'. "அதையும் தூக்கிடுங்க சார், முதலாளி கண்ணுல பட்டா வம்பு," என்கிறார் பக்கத்து மேசை உதவியாளர். அழிக்கும் பொத்தானுக்குப் போன அவர் விரல் நிற்கிறது. திரையில் அந்தப் பதிவின் ஓரத்தில், இப்போது வாசிப்பவர்கள்: பதினொன்று. நிமிர்ந்து பார்க்கிறார். வெளியே கேட்டருகே பதினோரு பேர் குந்தியிருக்கிறார்கள், ஆளுக்கொரு செல்போனில் தலை கவிழ்ந்து. காலையில் அவர் வேலையை விட்டு அனுப்பியவர்கள். "நீங்க நீட்டினா படிச்சா பாக்கணும், அண்ணே?" என்று இதே மேசையில், அவர் பேனாவை வாங்கியே கையெழுத்துப் போட்டவர்கள். பதிவின் முதல் வரி திரையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: படிக்காமல் கையெழுத்துப் போடாதே, நீட்டுகிறவன் உன் கூடப்பிறந்தவனாக இருந்தாலும்.