ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பரீட்சை

“கடைக்காரன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான் மாமா.”

கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டிருந்தார் மாப்பிள்ளை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டதால், போன மாதம் மாமனார்தான் ஹைபிரிட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்திருந்தார். மாமனார் வாங்குகிற எதிலும் குறை கண்டுபிடிப்பதில் மாப்பிள்ளையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“ரொம்ப வேகம்னு கடைக்காரர் சொன்னாரே, மாப்பிள்ளை?”

“ஹைபிரிட்னு பேர் வச்சுட்டா பறந்துடுமா? நீங்களே பாருங்க.”

ஆபீஸ் சாஃப்ட்வேரை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிய பிறகுதான் திறந்தது.

“இதை வச்சுக்கிட்டு மனுஷன் வேலை பாப்பானா?”

“அந்தச் சீட்டுக்கட்டுப் படத்தை அமுக்குங்க.”

விரலை எடுப்பதற்குள் சீட்டுகள் விரிந்தன. மாப்பிள்ளை ஏளனமாகச் சிரித்தார்.

“பாத்தீங்களா? சீட்டாடத்தான் லாயக்கு. நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.”

“வேண்டாம் மாப்பிள்ளை, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. கடையில விசாரிச்சேன். நாம தினம் தொடுறதை ஞாபகம் வச்சுக்கிட்டு சட்டுனு திறக்குமாம். தொடாம கிடக்கிறதை மெதுவாத்தான் எடுக்குமாம்.”

மாப்பிள்ளையின் கால் கீழே இறங்கியது.

மாமனார் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் பொண்ணு காதுல விழ வேண்டாம், மெல்லச் சொல்லுங்க. வேலை போய் எவ்வளவு நாளாச்சு?”