சிக்கிய விலா எலும்பு

"நல்லாத் தடவிப் பாரும்மா. விலா எலும்பு ஒண்ணு சிக்கிட்டிருக்கு" என்றார் பேராசிரியர்.

"பார்த்துட்டேன் சார். எதுவும் சிக்கல" என்றாள் மாணவி.

ஆஸ்டியோபதி கல்லூரியின் செய்முறைத் தேர்வு அது. மூச்சுப்பிடிப்போ மலச்சிக்கலோ தலைவலியோ, எதுவானாலும் எலும்பையும் தசையையும் கையாலேயே இளக்கிச் சரிசெய்யக் கற்றுத் தருகிற இடம். இன்றைக்குக் கோளாறைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் தேர்வு. சரிசெய்வது நாளைக்கு.

மேஜையில் குப்புறப் படுத்திருந்தவர் பேராசிரியரின் மச்சினன். இழுத்து மூச்சு விட்டால் வலது விலாவில் பிடிக்கிறது என்று அக்காவிடம் சொல்லப்போய், அத்தானிடம் மாட்டிக்கொண்டவர். காலையிலிருந்து மாணவர்கள் வரிசையாக வந்து அவர் முதுகை ஒரு வழி பண்ணியிருந்தார்கள்.

இவள்தான் கடைசி. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான். மறுபடி விரல்களை வைத்தாள்.

"மூச்சை இழுங்க அண்ணா... விடுங்க." எல்லா விலா எலும்பும் ஒழுங்காக ஏறி இறங்கின.

பேராசிரியர் பொறுமை இழந்து தானே வந்து அழுத்தினார். "இதோ, வலது பக்கம், நாலாவது. என் கைக்குத் தெரியுதே."

"என் கைக்குத் தெரியல சார்."

"உனக்கு முன்னாடி வந்த அத்தனை பேரும் இதைத்தானே சொன்னாங்க. அவங்க எல்லாம் முட்டாளா?"

"அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது சார். கைக்குத் தெரியாததை வாயால சொல்ல மாட்டேன்."

பேராசிரியருக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. குரலைத் தணித்தார்.

"பிடிவாதம் சோறு போடாதும்மா. நாலாவதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. பாஸ் போட்டு அனுப்புறேன்."

ஒரே ஒரு வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லாததை இருக்குன்னு சொல்லி பாஸானா, நாளைக்கு யார் உடம்புல சார் நான் கை வைக்கிறது? ஃபெயில் போடுங்க."

"உன் தலையெழுத்து" என்று பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

மேஜையிலிருந்து மச்சினன் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. காலையில முதல்ல வந்த பையன் அழுத்தின அழுத்துலயே அந்தப் பிடிப்பு மளுக்குன்னு விட்டுப்போச்சு. அப்பவே சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க தொட்டுப் பார்த்து 'ஆமா, நாலாவது அப்படியே இருக்கு'ன்னுட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி அக்கா புருஷனை எப்படிப் பொய்யாக்குறதுன்னு பேசாம படுத்துட்டேன்."